பின்வரிசையில் நிற்பவர் பெயர் என்ன?

(கேமரன் மலை, திரிங்காப்பில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்முடைய பழைய விளையாட்டாளர்களின் புகைப்படங்களைச் சேகரிப்பதும், அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதும்தான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதற்கெல்லாம் ஒரு கருத்தரங்கா என்று சிலர் நினைக்கலாம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ உங்கள் தாத்தா வீட்டிலோ தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் படம் ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதில் எத்தனை பேரின் பெயரை உங்களால் சொல்ல முடியும்?

அந்தப் படம் எப்படி இருக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். நடுவில் நாற்காலியில் தோட்டத் துரை உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பெரிய கிராணி. முன்னால் தரையில் இரண்டு பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, நடுவே கிண்ணம் இருக்கும். பின்னால் ஏழெட்டுப் பேர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். துரையின் பெயர் கம்பெனி ஏடுகளில் இருக்கிறது. கிராணியின் பெயர் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஓடி, விழுந்து, முட்டி தேய்ந்து அந்தக் கிண்ணத்தை வென்று கொடுத்தவரின் பெயர் எங்கே இருக்கிறது? யாரோ ஒரு பெரியவரின் ஞாபகத்தில் இருக்கிறது. அவர் கண்ணை மூடினால் அந்தப் பெயரும் சேர்ந்து போய்விடும்.

புகழ்பெற்றவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல்காவலர் ஆர்.ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் முகத்தைப் பார்த்தால் பெயர் சொல்ல ஆள் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம்.சந்திரன், வி.கிருஷ்ணசாமி ஆகியோரின் பெயர்களும் பதிவில் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்குக் கீழே ஒரு பெரிய கூட்டம் இருந்தது. தோட்டத்துக்கும், மாவட்டத்துக்கும், ஒன்றிரண்டு ஆட்டங்கள் மாநிலத்துக்கும் ஆடியவர்கள் அவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பிறகு வீடமைப்புத் திட்டங்களுக்காகக் கைமாறியபோதும் அந்தக் குடும்பங்கள் நாலா பக்கமும் சிதறின. கூடவே படங்களும் சிதறின. சில பழைய சாமான் கடைக்குப் போயின. சில நெருப்புக்குப் போயின. மிச்சம் இருப்பவை பெயர் இல்லாமல் இருக்கின்றன.

தொலைக்காட்சியில் ஒரு பழைய படத்தைக் காட்டும்போது அதன் கீழே ஒரு வரி போட வேண்டும். யார், எங்கே, எந்த ஆண்டு? அந்த ஒரு வரிக்காக எங்கள் குழு நாள்கணக்கில் அலைவது உண்டு. அப்படி அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

இந்தத் துறையில் அமெரிக்கர்கள் நமக்கு முன்னோடிகள். அங்கே நமது காற்பந்தின் இடத்தில் இருப்பது பேஸ்பால். சார்ல்ஸ் கான்லன் என்று ஒருவர் இருந்தார். நியூயார்க் நாளிதழ் ஒன்றில் பிழைதிருத்துநர். ஓய்வு நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போய் 1904 முதல் 1942 வரை பேஸ்பால் ஆட்டக்காரர்களைப் படம் எடுத்தார். நட்சத்திரங்களை மட்டும் அல்ல, ஒரு பருவம் ஆடிவிட்டு ஊருக்குப் போனவர்களையும் எடுத்தார். இன்று அந்தப் படங்கள் ஒரு பெரிய பொக்கிஷம்.

1971இல் அங்கே பேஸ்பால் ஆய்வாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்தில் பழைய படங்களை ஆராய்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. சீருடையில் உள்ள எழுத்து, தொப்பியின் கோடு, பின்னால் தெரியும் விளம்பரப் பலகை, பார்வையாளர் மேடையின் கூரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆண்டைக் குறுக்கிக்கொண்டே வருவார்கள். கடைசியில்தான் முகத்துக்கு வருவார்கள். ஆண்டும் குழுவும் தெரிந்துவிட்டால், அந்த ஆண்டு அந்தக் குழுவில் இருந்தவர்கள் இத்தனை பேர்தான் என்று ஒரு பட்டியல் கிடைத்துவிடும். அதற்குள் தேடினால் போதும்.

நாம் செய்யும் தவறு என்னவென்றால், எடுத்த எடுப்பிலேயே முகத்தைப் பார்த்து, "இது நம்ம மாமா மாதிரி இருக்கிறதே" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

படமே சொல்லும் சாட்சி

நம் நாட்டுப் படங்களுக்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. அது நம் கொடி. 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா உருவானது. அதற்கு முன் மலாயாக் கொடியில் 11 கோடுகள், நட்சத்திரத்தில் 11 முனைகள். அதற்குப் பின் 14 கோடுகள், 14 முனைகள். படத்தில் கொடி தெளிவாகத் தெரிந்தால் பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிட வேலையில் 1963க்கு முன்னா, பின்னா என்பது தெரிந்துவிடும்.

இது எங்கே உதவும்? நம் காற்பந்துக் குழு ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு முறை வெண்கலம் வென்றது. 1962இல் ஜகார்த்தாவில், 1974இல் தெஹ்ரானில். முதலாவது மலாயா என்ற பெயரில், இரண்டாவது மலேசியா என்ற பெயரில். "அப்பா ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியபோது எடுத்த படம்" என்று ஒரு குடும்பத்தார் சொன்னால், எந்த வெண்கலம் என்பதைக் கொடியும் சட்டையில் உள்ள சின்னமும் சொல்லிவிடும். ஓட்டக்காரர் எம்.ஜெகதீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் மலாயாவின் வீரர். 1964 தோக்கியோவில் மலேசியாவின் வீரர். ஒரே மனிதர், நான்கே ஆண்டு இடைவெளி, ஆனால் நாட்டின் பெயர் வேறு.

அடுத்தது கிண்ணத்தின் பெயர். 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் கொடுத்த கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கியது மலாயாக் கிண்ணப் போட்டி. 1967இல்தான் அது மலேசியக் கிண்ணமாக மாறியது. ஆகவே ஒரு படத்தின் பின்னால் 'மலேசியக் கிண்ணம் 1962' என்று எழுதியிருந்தால், அந்த வரி பல ஆண்டுகள் கழித்து யாரோ நினைவிலிருந்து எழுதியது என்று புரிந்துகொள்ள வேண்டும். படம் உண்மையாக இருக்கலாம். எழுத்தை மட்டும் மறுபடி சோதிக்க வேண்டும்.

நம் பகாங் மாநிலத்துக்கே ஒரு கணக்கு சொல்கிறேன். பகாங் முதன்முதலில் மலேசியக் கிண்ணத்தை வென்றது 1983இல். பிறகு 1992, 2013, 2014. எழுபதுகளில் பகாங் மலேசியக் கிண்ணம் வென்றபோது எடுத்த படம் என்று யாராவது காட்டினால், அது வேறு கிண்ணம், அல்லது வேறு குழு.

இன்னொன்று. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று நம் குழு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆனால் ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. குழு மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. ஆகவே 'மாஸ்கோ ஒலிம்பிக்கில் மலேசியக் குழு' என்று ஒரு காற்பந்துப் படம் உங்களுக்கு வந்தால் அந்தத் தலைப்பு தவறு. அது தகுதிச் சுற்றில் எடுத்ததாக இருக்கலாம். 2016இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் இந்தக் கதையைத் தழுவியது. அதில் வரும் கோல்காவலர் முத்து நமக்கு ஆறுமுகத்தை நினைவுபடுத்துகிறார். ஆனால் முத்து ஒரு கதாபாத்திரம். திரைப்படக் காட்சி வேறு, ஆவணம் வேறு. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

பந்தையும் பாருங்கள். கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள் கொண்ட பந்து 1970 உலகக் கிண்ணத்துக்குப் பிறகுதான் பரவலாகப் பிரபலமானது. நீளமான தோல் பட்டைகளை வைத்துத் தைத்த, வாயைக் கயிற்றால் கட்டிய பந்து என்றால் படம் அதற்கு வெகு முந்தியது. மெர்டேக்கா அரங்கத்தில் எடுத்த படமா? 1957இல் கட்டிய அந்த அரங்கத்தில் பின்னாளில் கூடுதல் இருக்கை அடுக்குகளைச் சேர்த்தார்கள். பிறகு 2007ஆம் ஆண்டில் அவற்றை அகற்றிப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னணியில் எத்தனை அடுக்கு தெரிகிறது என்பதும் ஒரு சாட்சிதான்.

ஆனால் ஜெர்சியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியலாம். மிகப் பழைய பிலிமில் சிவப்பு கறுப்பாகவே விழும். கறுப்பாகத் தெரியும் சட்டை, சிலாங்கூரின் சிவப்பாகவும் இருக்கலாம்.

தாப்பா முத்திரை

இங்கே மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் நெடுங்காலம் மலையிலிருந்து இறங்குவதற்குப் பேரா மாநிலத்தின் தாப்பா சாலைதான் ஒரே வழி. சிம்பாங் பூலாய் சாலையெல்லாம் பின்னாளில் வந்தது. அந்தக் காலத்தில் குழுவாகப் போய் ஸ்டுடியோவில் படம் எடுக்க வேண்டும் என்றால் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோதான் இறங்கியிருப்பார்கள். ஆகவே படத்தின் பின்னால் பேரா ஸ்டுடியோவின் முத்திரை இருப்பதால் அது பேரா குழு என்று எழுதிவிடாதீர்கள். போ தோட்டம் 1929இல் தொடங்கியது. அந்தக் காலம்தொட்டு இந்த மலையில் தேயிலை பறித்த குடும்பங்களின் படங்கள் இன்று தாப்பாவில், பீடோரில், ஈப்போவில், கிள்ளானில் யார் யார் வீட்டிலோ இருக்கக்கூடும்.

முத்திரையைப் போலவே தாளும் பேசும். பிஸ்கட் ஓரம் போல வளைந்து வளைந்து வெட்டிய வெள்ளை விளிம்பு, பெரும்பாலும் நாற்பதுகள் முதல் அறுபதுகள் வரைக்கும் உரியது. மூலைகள் வட்டமாக வெட்டப்பட்ட வண்ணப் படங்கள் எழுபதுகளில் அதிகம். சில படங்களின் ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது பிலிம் கழுவிய மாதம், ஆட்டம் நடந்த மாதம் அல்ல. கேமராவில் பாதி பிலிம் மிச்சம் இருந்தால், தீபாவளிக்கு எடுத்த படத்தைச் சித்திரையில் கழுவியவர்கள் நம் ஆட்கள்.

பெயரைத் தேடும் வழி

ஆண்டும் குழுவும் ஓரளவு தெரிந்த பிறகு பத்திரிகைக்குப் போக வேண்டும். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனும், மற்ற தமிழ் ஏடுகளும் நம் விளையாட்டாளர்களைப் பற்றி எழுதின. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் தேசிய நூலகமும் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன், தமிழ் முரசு முதலிய பழைய நாளிதழ்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே தேடலாம். அந்தக் காலத்தில் மலாயாச் செய்தியும் சிங்கப்பூர்ச் செய்தியும் ஒரே தாளில்தான் வந்தன.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். ஆங்கிலத்திலும் மலாயிலும் நம் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஆறுமுகம் என்ற ஒரு பெயரையே மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். கிருஷ்ணசாமியில் ஓர் எழுத்து விழுந்திருக்கும். பதிவதிகாரி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் அடையாள அட்டையில் நிலைத்தது. ஒரு எழுத்துக்கோவையில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் எல்லா விதத்திலும் தேட வேண்டும். அதே போல் தலைப்பெழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. ஒரே தோட்டத்தில் இரண்டு எம்.முனியாண்டி இருப்பது நம்மிடையே அதிசயமா என்ன? தகப்பனார் பெயர், முடிந்தால் லயத்தின் பெயர், வேலை செய்த பிரிவு, இத்தனையும் சேர்ந்தால்தான் ஆள் உறுதி.

முகத்துக்கு வருவோம். ஒருவரின் இரண்டு படங்களை ஒப்பிடும்போது மீசையையும் தலைமுடியையும் விட்டுவிட்டுக் காதைப் பாருங்கள். காதின் மடிப்பும், மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒருவருக்கு வயது ஏறினாலும் அந்த அமைப்பு பெரிதாக மாறாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் காவல் துறையில் பெர்த்திய்யோன் என்பவர் குற்றவாளிகளை அடையாளம் காண இதைப் பயன்படுத்தினார். அமெரிக்கப் பேஸ்பால் ஆய்வாளர்களும் காதைக் கவனித்துப் பார்க்கிறார்கள். அண்ணன் தம்பி விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பினாங்கின் ஈசா பாக்கார், அலி பாக்கார் சகோதரர்களைப் போல ஒரே குழுவில் இருவர் ஆடியிருந்தால் முகச்சாயல் நம்மை ஏமாற்றிவிடும்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டைச் சின்னம் வழக்கமாக இடது மார்பில் இருக்கும். அது வலது மார்பில் இருந்து, எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். அப்போது 'இடமிருந்து வலம்' என்ற பெயர் வரிசை முழுக்கத் தப்பாகிவிடும்.

இப்போது கைத்தொலைபேசிச் செயலிகள் மங்கிய முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன, வண்ணமும் பூசித் தருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் கண்ணும் மூக்கும் பாதி கணினியின் கற்பனை. ஜெர்சியின் நிறமும் அப்படியே. அதை வைத்து ஆளை அடையாளம் காணக் கூடாது. மூலப் படத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தவறான பெயர் வேண்டாம்

பெயர் இல்லாத படத்தைவிடத் தவறான பெயர் போட்ட படம் ஆபத்தானது. பெயர் இல்லாவிட்டால் யாராவது தேடுவார்கள். தவறான பெயர் இருந்தால் தேடுவதையே நிறுத்திவிடுவார்கள். புலனக் குழுவில் ஒருவர் போட்டதைப் பத்துப் பேர் பகிர்ந்துவிட்டால் அதுவே சரித்திரம் ஆகிவிடுகிறது. பின்வரிசையில் நின்றவரின் பேரன் என்றைக்காவது வந்து, "இது என் தாத்தா" என்று சொன்னால் அவனை யாரும் நம்ப மாட்டார்கள். உழைத்தவனின் கூலியை இன்னொருவன் பெயரில் எழுதுவதற்குச் சமம் அது.

ஆகவே பெரியவர்களிடம் கேட்கும்போது ஒரு முறையோடு கேளுங்கள். படத்தைப் பெரிதாக நகல் எடுத்து ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போடுங்கள். இரண்டு பெரியவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். சேர்த்து வைத்துக் கேட்டால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். "இவர் ராமசாமிதானே?" என்று கேட்காதீர்கள், "இவர் யார்?" என்று கேளுங்கள். இருவரும் ஒரே பெயரைச் சொன்னால் அதைச் சேருங்கள். ஒருவர் மட்டும் சொன்னால், இன்னார், இந்தத் தேதியில் சொன்னார் என்று குறித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி போடுவதில் வெட்கம் இல்லை.

பெண்களை மறந்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மலையடிவாரத்துத் தாப்பாவில் பிறந்த எம்.ராஜமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதே 1966இல் ஜெகதீசனோடு சேர்ந்து நாட்டின் முதல் சிறந்த விளையாட்டாளர் விருதையும் பெற்றார். அவரோடு பள்ளித் திடல்களில் ஓடிய மற்றப் பெண்கள் யார் யார்? திருமணம் ஆன பிறகு அவர்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா ஆகிவிட்டார்கள். படத்தில் முகம் இருக்கிறது. பெயர் ஆண்களைவிடச் சீக்கிரம் அழிந்துவிட்டது. பாட்டிமார்களிடம் கேளுங்கள். "நானா? சும்மா ஓடினேன்" என்பார்கள். விடாதீர்கள்.

மலைக்குளிரில் படத்தைக் காப்பது

கடைசியாகப் பாதுகாப்பு. இந்த மலையின் பனியும் ஈரமும் தேயிலைக்கும் முட்டைக்கோசுக்கும் நல்லது, புகைப்படத்துக்கு எதிரி. பூஞ்சணம் பிடித்தால் முகம்தான் முதலில் போகும். வெளிச்சுவரில் மாட்டிய படத்தை உள்சுவருக்கு மாற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள், கண்ணாடிக்கு மேலேயே படம் எடுத்துவிடுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டியதும் அப்படித்தான். கிழிந்த படத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள், பிறகு அதைப் பிரிக்க முடியாது. பின்பக்கம் எழுத மென்மையான பென்சில் போதும். ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறி வந்துவிடும். கணினியில் ஏற்றும்போது முன்பக்கம் மட்டும் அல்ல, பின்பக்கத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். பாதிச் சாட்சி பின்பக்கத்தில் இருக்கிறது.

சேகரிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் நல்ல படம் கண்டால், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவது சேகரிப்பு ஆகாது. நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அந்த வீட்டிலேயே விடுங்கள். பெயரைக் கண்டுபிடித்தால் முதலில் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் பிறகு சொல்லலாம்.

தோட்டத்துக் காற்பந்துத் திடல்கள் பல இன்று இல்லை. தேயிலை பறிக்கும் கைகளும் மாறிவிட்டன. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் இன்று நம் தோட்டங்களில் உழைக்கிறார்கள். நம் பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போய்விட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் இங்கே நாம் இருந்தோம், உழைத்தோம், மாலையில் பந்து விளையாடினோம் என்பதற்கு அந்தப் படங்களைவிட்டால் வேறு சான்று குறைவு. அறுபதுகளில் ஆடியவர்களுக்கு இன்று வயது எண்பதைத் தாண்டுகிறது. நமக்கு இருக்கும் அவகாசம் கொஞ்சம்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியை இறக்குங்கள். ஒரு படம், ஒரு பென்சில், ஒரு பெரியவர், இவை போதும். துரையிலிருந்து தொடங்காமல் பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள்.